ஏழு கால் தோல்

என் தம்பி பென்னியின் சிலந்தி செத்துப் பிழைத்தது என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் பேச்சு பரவியது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலையில் அவன் டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்றான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

அது டரான்டுலா. உள்ளங்கை அகலம் இருக்கும். சிலி நாட்டு வகை. மரம் ஏறாது, தரையிலேயே கிடக்கும். பெங்களூரில் பென்னியோடு படித்தவன் வெளிநாடு போகும்போது அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ரோசி என்ற பெயரும் அந்த நண்பன் வைத்ததுதான். ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் தென்னை நார்த்தூள், ஒளிந்துகொள்ளப் பாதி உடைந்த மண்சட்டி, ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர். வாரத்துக்கு ஒரு சுவர்க்கோழியோ கரப்பானோ போட்டால் போதும். சில மாதங்களில் அதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கும். கையில் விட்டால் மெதுவாக நடந்து முழங்கை வரை வரும், திரும்பிப் போகும். இதுவரை யாரையும் கடித்ததில்லை. வளர்ப்பது யார் என்றும் அதற்குத் தெரியாது. பென்னிக்கு அதுதான் பிடித்திருந்தது.

"இதுக்கு என் மேல பரிதாபம் கெடையாதுடா" என்பான்.

வீட்டில் மற்ற எல்லோருக்கும் இருந்தது. இருபத்திரண்டு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நாங்கள் இருக்கும் சித்தூரில் டயாலிசிஸ் மெஷின் காலியில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போக வேண்டும். அழைத்துப் போகிறவன் நான். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். அப்புறம் திருப்பதியில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்டில் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பிக்காக அந்த வேலையை விட்டேன் என்று அம்மா சபையில் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியில்லை. சீட்டிலேயே தூங்கினேன், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு ஆள் தேவைப்பட்ட நேரத்தில் நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

கோடையில் ரோசிக்கு ஒரு கால் போனது. தொட்டியில் எறும்பு ஏறுகிறது என்று அம்மா மூடியைச் சாத்தப் போனாள். அம்மாவுக்கு அந்தப் பூச்சியைக் கண்டால் உடம்பே கூசும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே சாத்தினாள். விளிம்பில் இருந்த கால் நசுங்கி அறுந்தது. வெளிர்நீலமாக ஏதோ கசிந்தது. பென்னி ஓடிவந்து மைதா மாவை வைத்து அடைத்தான். அவன் பதறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவனுக்கே நரம்பில் இரண்டு ஊசி குத்தும்போதுகூடப் பதறியதில்லை.

பக்கத்து வீட்டு ஸ்வீட்டி அத்தை எட்டிப் பார்த்தாள். "புத்தூரு எலும்பு வைத்தியர் கிட்ட கூட்டிக்கினு போடா. எலைய வெச்சி கட்டு போட்டு அனுப்புவாங்க. எட்டு கால்ல ஒண்ணுதானேன்னு துட்டு கூட கொறைப்பாங்க."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. பென்னி அவளோடு ரொம்ப நாள் பேசவேயில்லை. பஸ்ஸில் என்னிடம் மட்டும் சொன்னான்: "அடுத்த வாட்டி தோல் உரிக்கும்போது புதுக் கால் மொளைச்சிடும். அவங்க கிட்ட சொல்லாத. கொஞ்சம் கஷ்டப்படட்டும்."

அம்மா கஷ்டப்பட்டாள். தினமும் சாயங்காலம் ஜெபத்தில், பென்னிக்காக ஜெபித்து முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்வாள். அது அந்தக் காலுக்காக என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் பென்னிக்காகப் பெண்கள் ஐக்கியத்தின் உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் மத்தியானம் வரை. நானும் பென்னியும் திருப்பதியில் இருந்தோம். பாய் விரிக்கப் போன அம்மா தொட்டியைப் பார்த்தாள். ரோசி மல்லாந்து கிடந்தது. கால்கள் மேலே மடங்கி, அசைவில்லாமல் இருந்தது. அம்மா கத்தினாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கம்பவுண்டரின் மனைவி ஒரு பென்சிலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, செத்துவிட்டது என்று உறுதியாகச் சொன்னாள். அம்மா ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் தொட்டியின் மேல் போட்டு மூடினாள். ஸ்வீட்டி அத்தை அங்கேயே முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த வீட்ல சாவுன்னு ஒண்ணு இருந்தா அது இதோட போவட்டும்" என்று ஜெபித்தாள். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

ஜெபம் முடிந்து, பிள்ளை வருவதற்குள் அதைப் புதைத்துவிடலாம் என்று துண்டை எடுத்தார்கள். ரோசி நிமிர்ந்து நின்றிருந்தது. எட்டுக் கால்.

நின்று பார்க்க ஒருத்திக்கும் தைரியம் இல்லை. கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்கள். பிறகு அழுதார்கள், பாடினார்கள். நாங்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு கூட்டமே இருந்தது.

"டேய் கிளாட்வின், அந்தக் காலு!" அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் நசுக்கின காலு! வந்துட்டு கீதுடா!"

"தோல் உரிச்சிருக்கும்மா" என்றேன். "உரிக்கும்போது மல்லாந்துதான் கெடக்கும். அதுதான்."

"அப்போ தோலு எங்க?"

பென்னி யாரையும் உள்ளே விடாமல் தொட்டியருகே போனான். போன் டார்ச்சை அடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் குனிந்திருந்தான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

"தோல் கெடையாது" என்றான். "கார்த்தால நாங்க கெளம்பறதுக்கு முன்னாடியே செத்துதான் கெடந்துது. கஷ்டமா இருந்துச்சு, அதான் சொல்லல."

நான் போய்ப் பார்த்தேன். சட்டிக்குள், நார்த்தூளுக்குள், எங்கும் தோல் இல்லை. ஆனால் ரோசியின் மயிர் புதிதாக இருந்தது. அதன் வயிற்றில் மாதக்கணக்காக இருந்த வழுக்கை மூடியிருந்தது. முளைத்த கால் மற்றவற்றைவிட மெலிந்து வெளிறி இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. பூச்சியை நின்று பார்க்கிறவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர்தான். அதில் ஒருவன் வளர்க்கிறவன், இன்னொருவன் கோயிலுக்கு வராதவன். அம்மா யார் சொன்னதை நம்புவாள் என்று கேட்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"வரல" என்றான்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "இன்னா நைனா, ஒடம்பு முடியலயா?"

"ஒடம்பு நல்லாதான் கீது. ஆண்டவர் ஒரு பூச்சிக்கே காலு குடுத்தாரு. எனக்குக் குடுக்க மாட்டாரா?"

பத்து வருஷமாக ஜெப நேரத்தில் கக்கூஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறவன் இதைச் சொன்னான். சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அப்போது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில்.

அவள் கோழிக்கறி வாங்கப் போனதும் நான் கட்டிலருகே போனேன். "ஏன்டா பொய் சொல்ற?"

"இன்னா பொய்?"

"செத்துடுவடா."

"வாரத்துல மூணு நாளு அந்தச் சேர்ல" என்றான். "மீதி நாலு நாளு அந்தக் களைப்புல தூங்கறேன். எத்தினி வருஷம்? சொல்லு. நீ நைட் ஷிப்ட்டையே தாங்கல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட."

அவன் சொன்னதில் தப்பு இல்லை.

"அம்மா கிட்ட நேராவே சொல்லலாம்ல, முடியலன்னு."

"சொன்னா அழுவாங்க. இப்போ பாரு, பாடிக்கினு கீறாங்க."

வெள்ளிக்கிழமை எங்கள் சபைப் போதகர் வந்தார், ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். வயதானவர், நிதானமானவர். "லோயிஸ் அம்மா, டாக்டரையும் ஆண்டவர்தான் குடுத்திருக்காரு. சிகிச்சைய நிறுத்தாதீங்க" என்றார். அம்மா அவருக்கு டீ கொடுத்தாள். "நீங்களே இப்பிடிப் பேசினா எப்பிடி ஐயரே? ஏழு பேரு கண்ணால பாத்தோம்" என்றாள். அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார், பென்னியைப் பார்த்தார், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் என் தோளைத் தொட்டு, "பாத்துக்கப்பா" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

சனிக்கிழமையும் போகவில்லை. அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி எழவேயில்லை. முகம் ஊதிக் கண் சிறுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். உதறினான். அம்மாவிடம் கத்தினேன்.

"சோதனைடா இது" என்றாள். "ஆண்டவர் பண்ணத சபைல சாட்சியா சொல்லாம வெச்சிருக்கேன், அதான். இன்னைக்கு சொல்லிட்டு வந்துடறேன். சொல்லிட்டா வீக்கம் எறங்கிடும்." வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, பைபிளை எடுத்துக்கொண்டு போனாள். தெருமுனை வரை ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் பயம் வந்துவிட்டது. பயத்தில் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா சம்மதிக்காமல் அவனை வீட்டைவிட்டு நகர்த்த முடியாது. பேச்சில் அவள் சம்மதிக்கமாட்டாள். தோல் வேண்டும்.

அவன் தூக்கிப் போட்டிருக்கமாட்டான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. பூச்சி வளர்க்கிறவர்கள் தோலைத் தூக்கிப் போடுவதில்லை. ரோசியின் பழைய தோல்கள் இரண்டு அவன் மேஜை மேல் கண்ணாடி போட்ட பெட்டியில் இருந்தன. உரித்த தோலை ஈரப்பஞ்சில் வைத்து இளக்கி, தெர்மாகோலில் பரப்பி, ஒவ்வொரு காலையும் நிற்கிற மாதிரி குண்டூசியால் நிறுத்திக் காயவைப்பான். அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும். மூச்சுவிடாமல் செய்வான்.

அவன் கண்ணை மூடியிருந்தான். நான் தேட ஆரம்பித்தேன். மாத்திரைப் பெட்டிகள், ஸ்கேன் கவர்கள், பீரோ, பழைய காலேஜ் பை. கடைசியில் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கிற அட்டைப்பெட்டியை இழுத்தேன். மடித்த நட்சத்திரத்துக்கும் குடில் பொம்மைகளுக்கும் நடுவில் ஒரு மிட்டாய்ப் பெட்டி இருந்தது. திறந்தேன்.

தெர்மாகோல் மேல் ரோசி நின்றது. உள்ளே ஒன்றும் இல்லாத ரோசி. கொடுக்குப் பற்கள் இரண்டும் உடையாமல் பளபளத்தன. காலின் நுனி மயிர்கூடச் சிதையவில்லை. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு பக்கமும் குண்டூசி நிறுத்தி, வளைவு மாறாமல் வைத்திருந்தான். ஏழு கால். எட்டாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டை முனை மட்டும்.

வாழ்ந்தது போதும் என்று முடிவு பண்ணினவன் செய்த வேலை இது. நான் நிமிர்ந்தேன். பென்னி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெச்சிடுடா" என்றான். அதைச் சொல்லவே அவனுக்கு இரண்டு மூச்சு ஆயிற்று.

நான் வைக்கவில்லை. ஸ்வீட்டி அத்தைக்கு அன்று தலைவலி, கோயிலுக்குப் போகவில்லை. அவளை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

கோயிலில் காணிக்கைப் பாட்டு முடிந்திருந்தது. நான் உள்ளே வந்து பல வருஷம் ஆகிறது. பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில் அம்மா. சாட்சி சொல்லப்போகிறவர்கள் செய்கிற மாதிரி அவள் உதடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. நான் பெண்கள் வரிசைக்குள்ளேயே போனேன். இரண்டு பேர் காலை இழுத்துக்கொண்டு முறைத்தார்கள். பெட்டியை அவள் மடியில் வைத்துத் திறந்தேன்.

அம்மா முதலில் பின்னுக்கு நகர்ந்தாள். உயிருள்ளது என்று நினைத்துவிட்டாள். பிறகு ஊசிகளைப் பார்த்தாள். முதல் முறையாக அந்தப் பூச்சியை முகம் திருப்பாமல் பார்த்தாள். விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வொரு காலாக எண்ணினாள். அந்த மொட்டை முனையில் விரல் நின்றது.

"இது எப்போ உரிச்சது?"

"செவ்வாக்கெழம."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவன்தாம்மா ஊசி குத்தி வெச்சிருக்கான்."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் வெளிறியது அற்புதம் போனதால் இல்லை. எல்லாம் தெரிந்திருந்தும் மகன் சும்மா இருந்தான், ஏன் சும்மா இருந்தான் என்பது அவளுக்கு எட்டியது. அதில்தான் வெளிறியது.

"சகோதரி லோயிஸ் சாட்சி சொல்லுவாங்க" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

அம்மா எழுந்தாள். பெட்டியை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மைக் இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

"எனக்கு சாட்சி இல்ல. பூச்சி தோலு உரிச்சிருக்கு, அவ்ளோதான். என் பையனுக்கு மூச்சு வாங்குது. திருப்பதிக்குக் கூட்டிக்கினு போவணும். யாரு கிட்டயாவது காரு இருந்தா குடுங்க."

ஜெபத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயர் புத்தகத்தை மூடினார். சபைப் பொருளாளர் கிருபானந்தம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "வாங்கம்மா" என்றபடி சாவியை எடுத்தார். அவருக்கும் எங்களுக்கும் கல்லறை நிலத் தகராறில் பேச்சுவார்த்தையே கிடையாது.

வீட்டில் அம்மா நேராகப் பென்னியிடம் போனாள். பெட்டியை அவன் மடியில் வைத்தாள். அவன் பார்க்கவில்லை.

"எந்திரி" என்றாள். "வண்டி நிக்குது."

"அம்மா, நான்..."

"அப்பறம் பேசலாம். எந்திரி."

அவள் அழவில்லை. அவள் அழுவாள் என்று பயந்துதான் அவன் இத்தனையும் செய்தான். அவள் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள், நானும் கிருபானந்தமும் அவனைத் தூக்கினோம். தண்ணீர் கோத்த உடம்பு மூட்டை மாதிரி கனத்தது. வழியெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்து, அம்மா அவன் முதுகைத் தன் மார்போடு நிமிர்த்திப் பிடித்திருந்தாள். பாகாலா தாண்டினோம். சந்திரகிரி மலை தெரிந்தபோது அவன் உதடு நீலமாகியிருந்தது. கிருபானந்தம் ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

டயாலிசிஸ் டெக்னீஷியன் முனிரத்தினம் அவனைப் பார்த்ததும் ஆக்ஸிஜனை மாட்டினார், எடை போட்டார், ஊசியைக் குத்தினார். எல்லாம் முடிந்து மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏமய்யா பென்னி, ரெண்டு தடவ லீவு போட்டுட்டியே. லீவு லெட்டர் குடுத்தியா?" பிறகு என் பக்கம் திரும்பிக் குரலை மாற்றினார். "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா என் கிட்ட கொண்டாந்திருக்க வேணாம்."

அவன் மூச்சு சமனாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். குழாயில் அவன் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன்டா தூக்கிப் போடல? சாக்கடைல போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

குழாயைப் பார்த்தபடியே சொன்னான். "முழுசா வந்துச்சுடா. பல்லு கூட ஒடையல. அந்த மாதிரி வர்றதே கஷ்டம். அத எப்பிடிடா தூக்கிப் போடறது?"

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நீ பண்ணது நல்லா இல்ல" என்றான் பிறகு. "கோயில்ல போயி அவங்கள..."

"சரி."

"நான் மாறிட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

அவன் கூரையைப் பார்த்தான். பக்கத்துப் படுக்கைக்காரரின் மெஷின் கீச்சிட்டது, முனிரத்தினம் போய் ஒரு பொத்தானை அழுத்தினார்.

"ரோசி பல்லு இன்னா கலர்ல கீது?"

"பாக்கல."

"வெள்ளையா இருந்தா தீனி போடாத. பல்லு மெத்துனு இருக்கும். கரப்பானே அதக் கடிச்சிடும். கறுப்பானாதான் போடணும்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது. நீ வந்து பாத்துப் போடு."

அவன் கண்ணை மூடினான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். நான் எழுந்தபோது கண்ணைத் திறக்காமல் சொன்னான்.

"செவ்வாக்கெழம பஸ் வேணாம். ரொம்ப குலுக்குது. ரயிலு எத்தினி மணிக்குன்னு பாரு."

வெளியே தாழ்வாரத்தில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மிட்டாய்ப் பெட்டி அவள் மடியில் திறந்திருந்தது. வரும் வழியில் காரில் இரண்டு ஊசிகள் விழுந்து, ஒரு கால் சாய்ந்துவிட்டிருந்தது. மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தோல் பறந்துவிடாமல் அவள் முந்தானையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து, காற்றை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாக்கெழம ரயில்ல வரானாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பார்வையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.